பீடி டோக்கன்

1. படம் முடிந்ததும்

முதல் காட்சி முடிந்து விளக்கைப் போட்டதும் கம்பெனிப் பையன்கள் எழுந்து நேராகக் கேட்டுக்குப் போனார்கள். நான் ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டே அவர்களைப் பார்த்தேன். கேட்டை ஒட்டிய சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் பித்தளை வில்லைகள். ஆளுக்கொரு வில்லையை வாட்ச்மேனிடம் வாங்கிக்கொண்டு வெளியே போய், எதிரே இருந்த டீக்கடையில் பீடி பற்றவைத்தார்கள். திரையில் ஒரு பையன் பீடி குடித்து, இருமி இருமிச் செத்துப்போய் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

எங்கள் வேன் டிரைவர் மாதப்பனும் அவர்களோடு நின்று ஒன்று பற்றவைத்தார். அவர் வழக்கமாக வேனுக்குப் பின்னால் போய்த்தான் குடிப்பார். அன்று பையன்களைப் பார்த்ததும் அந்தக் கூச்சமும் போய்விட்டது போல.

"அண்ணா, எங்களுக்குக் காட்டறதுக்கு முன்னாடி உங்க டிரைவருக்கு ஒரு ஆட்டம் காட்டிட்டு வாங்க" என்று ஒரு பையன் அங்கிருந்தே என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் ரீலை டப்பாவில் வைத்து மூடினேன்.

இது எண்பதுகளில் நடந்தது. ஓசூர் தொழிற்பேட்டையின் பின்பக்கம் இரும்பு பீரோவும் ஆபீஸ் மேஜையும் செய்கிற கம்பெனி அது. இளைஞர்கள் புகைப் பழக்கத்துக்குப் போகாமல் தடுக்க அரசு ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்தது. வேன், டீசல், பதினாறு எம்.எம். புரொஜெக்டர், படம், போஸ்டர் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தவை. என் சம்பளமும் அதில்தான். நான் நிரந்தர ஊழியன் இல்லை. திட்டத்துக்கு அடுத்த வருடமும் பணம் உண்டா என்று ஒவ்வொரு மார்ச்சிலும் மேலே முடிவு செய்வார்கள். உண்டு என்றால் நான் ஆபரேட்டர். இல்லை என்றால் சொந்த ஊர் சாமல்பட்டிக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

நான் படித்தது ஐந்தாவது வரை. இந்த வேலைக்கு வருமுன் ஊத்தங்கரைப் பக்கம் டூரிங் டாக்கீஸில் மெஷின் பழகியிருந்தேன். இருட்டில், எல்லோருக்கும் பின்னால் நின்று செய்கிற வேலை. நாலு பேர் முன்னால் பேச வராதவனுக்கு அது ஒத்துப்போனது.

2. மணத்துக்கு

எங்கள் குழுவுக்குப் பொறுப்பாளர் கோமதி மேடம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். படம் முடிந்ததும் பையன்களிடம் பேசுவது அவர் வேலை. கேட்டால், "தப்புதாங்க மேடம், உட்டுடறோம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அதை ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். மற்ற இடங்களில் அப்படித்தான் நடந்தது.

இந்தக் கம்பெனியில் மேடம் அப்படிப் போகவில்லை. நேராக டீக்கடைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கடை அன்வர் பாயுடையது. அங்கே பெஞ்சின் ஓரத்தில் நாகரசம்பட்டியிலிருந்து வந்த டிரெயினி ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் இன்பராஜ், மீசை சரியாக முளைக்காத வயது. எரிகிற பீடியை விரலிடுக்கில் பிடித்திருந்தான், வாயில் வைக்கவில்லை. ஊதுபத்தியைப் பிடித்திருப்பது போல இருந்தது.

"குடிக்கலைன்னா எதுக்குப்பா பத்த வச்சிருக்கே?" என்று மேடம் கேட்டார்.

"மணத்துக்குங்க மேடம்."

"யாருக்கு மணம்?"

"வாட்ச்மேனுக்கு."

மேடத்துக்குப் புரியவில்லை. அன்வர் பாய் டீ ஆற்றிக்கொண்டே விளக்கினார். கம்பெனியில் பெயிண்ட் பூத் இருக்கிறது. பெயிண்டில் கலக்கிற, சட்டென்று தீப்பிடிக்கிற தின்னர் டின்கள் திறந்தே கிடக்கும். உள்ளே யாரும் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது. ஒருமுறை யாரோ கக்கூஸில் பீடி குடித்துப் பிடிபட்டபோது கம்பெனிக்காரர்கள் பயந்துபோய், குடிக்கிறவர்களை வெளியே விட்டுவிடலாம் என்று டோக்கன் வைத்தார்கள். மற்றபடி வெளியே வர வழியில்லை. டீயும் வேலை செய்கிற மெஷின் பக்கத்துக்கே வந்துவிடும், நின்றபடியே குடித்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரம் போக நாள் முழுவதும் நிற்பதுதான். அதனால் பீடி குடிக்காதவர்களும் டோக்கன் வாங்கிக்கொண்டு வந்து டீக்கடையில் உட்கார ஆரம்பித்தார்கள். சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிட்டார். அதன்பிறகு திரும்பி உள்ளே போகிறவனின் விரலை வாட்ச்மேன் முகர்ந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு. பீடி வாசனை இல்லாவிட்டால் அவன் பெயர் மேலே போகும்.

"அவரு மிலிட்டரிக்காரரு. மோப்பம் புடிக்கிறதுல ஒரு கொறையும் வைக்க மாட்டாரு" என்றார் பாய்.

"சரி, நீ கையில மட்டும்தானே பிடிக்கே. அது போதும்தானே?" என்று மேடம் இன்பராஜைக் கேட்டார்.

அவன் பதில் சொல்வதற்குள் பாய் சொன்னார். "பீடி சிகரெட்டு மாதிரி இல்லீங்கம்மா. இழுக்கலைன்னா அணைஞ்சு போயிடும். அணைஞ்சா மறுபடி வாயில வச்சுத்தான் பத்த வைக்கணும். புதுசா வர்ற பையன் மொதல்ல கையில புடிப்பான். அப்புறம் அணையாம இருக்கறதுக்கு ஒரு இழுப்பு இழுப்பான். கொஞ்ச நாள் போனா எங்கிட்ட கட்டா வாங்குவான். எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். நான் யாரையும் கூப்புட்டுக் குடுத்ததில்ல."

இன்பராஜின் கையிலிருந்த பீடி அப்போது அணைந்துபோயிருந்தது. அவன் எங்களைப் பார்த்தான். மேடத்தின் எதிரில் வாயில் வைக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. வைக்காமல் உள்ளேயும் போக முடியாது. கடைசியில் திரும்பி நின்று பற்றவைத்துக்கொண்டான்.

"காலு கடுக்குது மேடம்" என்றான் போகும்போது. "அந்த நெடியில தலை சுத்துது. அஞ்சு நிமிஷம் வெளிக்காத்து. அதுக்குத்தான்."

3. திட்டத்தில் இல்லாத வார்த்தை

மேடம் கம்பெனி மேனேஜரைப் பார்க்கப் போனார். புரொஜெக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற சாக்கில் நான் வாசலில் நின்றேன். மேனேஜர் பெங்களூர்க்காரர், மரியாதையாகப் பேசுவார். பீடி குடிக்காதவர்களையும் ஐந்து நிமிடம் வெளியே விடுங்கள் என்று மேடம் கேட்டார்.

"குடிக்கிறவங்க போனா அது பழக்கம் மேடம். குடிக்காதவங்க போனா அது சோம்பேறித்தனம். நான் ஓனருக்கு என்னன்னு பதில் சொல்றது?"

உள்ளேயே பேக்கிங் ஷெட்டில் நாலு பெஞ்சும் ஒரு தண்ணீர்ப் பானையும் வைத்தால் யாரும் கேட்டைத் தாண்ட வேண்டியதில்லையே என்றார் மேடம். அரசாங்கம் செலவு செய்தால் யோசிக்கலாம் என்று மேனேஜர் முடித்துவிட்டார்.

அடுத்த வாரம் தர்மபுரிக்குப் போனோம். எங்கள் ஆபீஸில் திட்டத்தின் கணக்கைப் பார்க்கிற சூப்பிரண்டு நல்ல மனிதர். மேடம் சொன்னதை முழுக்கக் கேட்டார். டோக்கன் விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவும் செய்தார். பிறகு திட்டத்துக்கான அரசு ஆர்டரை எடுத்து விரல் வைத்துக் காட்டினார்.

"இதுல படம் இருக்கும்மா. போஸ்டர் இருக்கு. பேச்சு இருக்கு. பெஞ்சு இல்ல. ஓய்வுன்னு ஒரு வார்த்தை எங்கயும் இல்ல. நான் பெஞ்சு வாங்கிக் குடுத்தா ஆடிட்டுல என் சம்பளத்துல புடிப்பாங்க. படம் காட்டுங்க. எத்தனை வேணும்னாலும் காட்டுங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

திரும்பும் வழியில் மாதப்பன் கன்னடப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். சூளகிரி தாண்டியதும் மேடம் பின்பக்கம் திரும்பி என்னைக் கேட்டார். "எத்தனை வேணும்னாலும் காட்டலாம்னுதானே சொன்னாரு?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

4. தினப்படம்

ஏற்பாடு இதுதான். காலையில் வழக்கம்போல் ஊர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போவோம். மத்தியானம் டீ நேரத்துக்கு வேன் அந்தக் கம்பெனிக்கு வந்துவிடும். பேக்கிங் ஷெட்டில் சாக்கு கட்டி இருட்டாக்கி, இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் படம் காட்டுவோம். படம் பத்து நிமிடம். படத்துக்கு வருகிறவனுக்கு அந்த வேளை டோக்கன் கிடையாது. டோக்கன் வாங்கினவனுக்குப் படம் கிடையாது. அரசுப் படம் என்றால் ஓனரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பதால் மேனேஜர் ஒத்துக்கொண்டார். உட்கார இடமில்லாமல் படம் காட்ட முடியாது என்று மேடம் சொன்னதால், பேக்கிங் மரத்தில் பெஞ்சுகளையும் மேனேஜரே அடிக்கச் சொன்னார். அன்வர் பாய் கெட்டிலில் டீ கொடுத்தனுப்பினார்.

முதல் வாரம் பையன்கள் திரையைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் டாக்டர் பேசுவதை அவருக்கு முன்னாலேயே சொன்னார்கள். அம்மா அழுகிற இடத்தில் கூடவே அழுதுகாட்டினார்கள். பிறகு பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்தார்கள். புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று என்னிடம் குறைகூட வந்தது. மெஷினைக் கொஞ்சம் உயரத்தில் ஏற்றிவைத்தேன்.

ஒரே பிரிண்ட். தினமும் ஓட்டினால் தாங்காது. பிலிமின் ஓரத்துத் துளைகள் கிழியும், படம் அறுந்துபோகும், வெட்டி ஒட்டுவேன். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில ஃபிரேம்கள் போய்விடும். எங்கள் பிரிண்ட் அதிகம் அறுந்தது இருமுகிற கட்டத்தில். ஆரம்பத்தில் அந்தப் பையன் நெடுநேரம் இருமுவான். மழைக்காலம் வந்தபோது இரண்டு இருமல்தான் இருந்தது. பொங்கலுக்குப் பிறகு அவன் இருமவே இல்லை. பீடியை எடுத்தான், படுக்கையில் கிடந்தான், செத்தான்.

ஆனால் டோக்கன் பலகையில் மத்தியான வேளையில் வில்லைகள் அப்படியே தொங்க ஆரம்பித்தன. பழைய ஆட்கள் போனார்கள், அவர்களை எதுவும் மாற்றவில்லை. புதுப் பையன்கள் போகவில்லை. அந்த வருடம் சேர்ந்தவர்களில் அன்வர் பாயிடம் கட்டு வாங்குகிறவன் யாருமில்லை என்று அவரே சொன்னார். "அரசாங்கம் என் பீடிக்கட்டுலயே கை வச்சிடுச்சே" என்று என்னைச் சீண்டுவார். டீ அதைவிட அதிகமாகப் போனதால் அவருக்கு நிஜமான வருத்தம் கிடையாது. வருத்தம் வாட்ச்மேனுக்குத்தான். அவர் மூக்குக்கு வேலை குறைந்துவிட்டது.

5. மெட்ராஸிலிருந்து வந்தவர்

எங்கெங்கே போனோம் என்று எழுதித்தருகிற டூர் ஸ்டேட்மெண்டில் ஒரே கம்பெனியின் பெயர் திரும்பத் திரும்ப வருவதை மேலே யாரோ கவனித்துவிட்டார்கள். மார்ச் முடிவுக்கு முன்னால் மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி நேரில் பார்க்க வந்தார். அவர் எழுதுவதை வைத்துத்தான் எங்கள் மாவட்டத்துக்கு அடுத்த வருடப் பணம்.

அன்று காலை சூப்பிரண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன்னைக் கேட்டாலும் கேப்பாரு. படம் நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லு. உன் பொழப்பும் அதுலதான் இருக்கு" என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார்.

பையன்கள் நன்றாக உட்கார வேண்டும் என்று மேடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதிகாரி ஷெட்டுக்குள் வந்தபோது எல்லோரும் வழக்கம்போல் திரைக்கு முதுகைக் காட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருவர் மட்டும் திரையைப் பார்த்து உட்கார்ந்தார். படம் ஓடியது.

"இவன் இருமவே இல்லையே. எப்படிச் செத்தான்?" என்று கேட்டார்.

பக்கத்திலிருந்த இன்பராஜ் எழுந்து நின்றான். "முன்னாடியெல்லாம் நல்லா இருமிகினு இருந்தான் சார். ஒட்டுப் போட்டுப் போட்டு இருமல் நின்னுபோச்சு."

அதிகாரி சிரிக்கவில்லை. விளக்கைப் போடச் சொன்னார். நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதானே தினம் ஓட்டறது. இந்தப் படத்தைப் பாத்து யாராவது பீடியை விட்டாங்களா?"

மேடம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. மெஷின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது, லாம்ப் ஆறுகிறவரை அதை நிறுத்தக் கூடாது. அந்தச் சத்தத்தில் நான் சொன்னது கேட்டிருக்காது என்று நினைக்கிறேன், அதிகாரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"படத்துக்கு வர்றாங்க சார். படத்தைப் பாக்க வரலை. உக்கார வர்றாங்க."

"அப்ப படம் எதுக்கு?"

"படம் இல்லைன்னா உக்கார உட மாட்டாங்க சார்."

அதிகாரி பிறகு மேடத்தைப் பார்த்தார். மேடம் அதன்பிறகுதான் வாயைத் திறந்தார். டோக்கன், வாட்ச்மேன், அணைகிற பீடி, எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி கேட்டுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தார். ஒரு வில்லையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆணியில் மாட்டினார்.

"ஓய்வுக்குப் பணம் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாதும்மா. கொடுக்கவும் கூடாது. அது கம்பெனி கொடுக்க வேண்டியது" என்றார்.

இருவரும் மேனேஜர் அறைக்குப் போனார்கள். அங்கே நடந்ததை மேடம் பிறகு வேனில் சொன்னார். படம் காட்டிய மாதங்களில் உற்பத்தி குறைந்ததா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். குறையவில்லை என்று மேனேஜர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் படம் இல்லாவிட்டாலும் குறையாதே என்று அதிகாரி கேட்டதும் மேனேஜர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மத்தியானம் மணி அடித்ததும் எல்லோருக்கும் பத்து நிமிடம் ஓய்வு. குடித்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி. விரலை முகர்வது நின்றது.

6. மார்ச்

எங்கள் மாவட்டத்துக்கு அடுத்த வருடம் பணம் வரவில்லை. செலவில்லாமலே வேலை நடக்கிற இடத்தில் திட்டம் தேவையில்லை என்று முடிவாகிவிட்டதாகச் சூப்பிரண்டு சொன்னார். அவர் என்னைத் திட்டவில்லை. புரொஜெக்டரை எண்ணெய் போட்டுத் துடைத்து ஸ்டோரில் ஒப்படைத்தேன். கோமதி மேடத்தை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். போகும்போது என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். "நான் சொல்ல வேண்டியதை நீங்க சொல்லிட்டீங்க" என்று மட்டும் சொன்னார். அது பாராட்டா வருத்தமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

வீட்டில் என் மனைவி என்ன நடந்தது என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன், வேலை போய்விட்டது என்றேன்.

"உள்ளதைச் சொல்றதுக்கு உனக்கு வேற நாளே கெடைக்கலையா?" என்றாள்.

சில வருடங்கள் மறுபடி டூரிங் டாக்கீஸ், பிறகு மாங்காய் மண்டியில் மூட்டைக் கணக்கு. அதற்கப்புறம்தான் கொசு ஒழிப்புப் பிரிவில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. இப்போது அதில்தான் இருக்கிறேன்.

புதிதாகச் சுகாதாரப் பிரசார வேலைக்கு வருகிற பிள்ளைகள் கேட்பதால் இதை எழுதுகிறேன். ஒரு பழக்கம் கெட்டது என்று சொல்லத்தான் நமக்குப் பணம் தருகிறார்கள். நல்ல காரியம்தான், சொல்லுங்கள். ஆனால் சொல்வதற்கு முன்னால், அந்தப் பழக்கம் அவனுக்கு என்ன வாங்கித் தருகிறது என்று ஒருதடவை பார்த்துவிடுங்கள். அந்தப் பையன்கள் புகையை வாங்கவில்லை. உட்காருவதற்கு ஐந்து நிமிடம் வாங்கினார்கள், அதற்கு அந்த வாசலில் செல்லுபடியான காசு பீடி ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்தபின் உங்கள் திட்டமே தேவையில்லாமல் போகலாம். அதற்கும் தயாராக இருங்கள். அது சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன்.

போன வருடம் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு பார்க்க அந்தக் கம்பெனிக்குப் போனேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் கேட்டில் இல்லை. டோக்கன் பலகை இருந்தது, ஆணிகளில் ஹெல்மெட்டுகள் தொங்கின. மத்தியானம் மணி அடித்தது.

"பெரியவரே, படத்துக்கு வாங்க. டீ குடிச்சுட்டுப் போங்க" என்று ஒரு பையன் கூப்பிட்டான்.

என்ன படம் என்று கேட்டேன். பத்து நிமிட லீவுக்கு இங்கே அப்படித்தான் பெயர், ஏன் என்று தெரியாது என்றான். அவனோடு பேக்கிங் ஷெட்டுக்குப் போனேன். பெஞ்சுகள் புதியவை, இரும்பில் செய்தவை. ஆனாலும் பழைய பெஞ்சுகள் கிடந்த மாதிரியே, அந்தக் காலத்தில் நாங்கள் திரை கட்டிய சுவருக்கு முதுகைக் காட்டித்தான் போட்டிருந்தார்கள். நானும் அப்படியே உட்கார்ந்து டீ குடித்தேன்.